பத்து மைக்ரோகிராம்

ஹைகிரவுண்டில் கரண்ட் போய் நாலாவது நிமிடம்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுகிறது.
வெளியே நாற்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு,
அதற்குள் மு-17:
மேலப்பாளையம் ஆமினா பாத்துவின் வலது முட்டி.
பெயரை எழுதக்கூடாது என்பது விதி.
எனக்குத் தெரிந்துபோனது, அவ்வளவுதான்.

அறுவை அரங்கிலிருந்து வந்தபோது
தேய்ந்த பக்கம் எலும்பு பளிங்காய்க் கிடந்தது.
ஓரத்தில் மட்டும்
இளநுங்கின் நிறத்தில் ஒரு விரற்கடை மிச்சம்.
அதைச் சீவி நொதியில் ஊறவைத்தேன்.
விடிந்தபோது செல்கள்
தனித்தனியாய் மிதந்தன.

தட்டைக் குப்பியில் விட்டால்
அவை கால் நீட்டிக்கொள்கின்றன.
மளமளவென்று பெருகுகின்றன,
ஆனால் நெய்வது வேறு நார்,
தழும்பில் இருக்குமே, அந்த முரட்டு நார்.
பெருகுவது வேறு, செய்வது வேறு
என்று நோட்டில் எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

பிறகு ஆல்ஜினேட்டில் கலந்து
கால்சியம் நீரில் சொட்டுச் சொட்டாய் விட்டேன்.
வெந்த ஜவ்வரிசி.
ஒவ்வொரு மணிக்குள்ளும் சில ஆயிரம் பேர்
மறுபடி உருண்டு உட்கார்ந்தார்கள்.

பாதிக்கு வெறும் ஊட்டநீர்.
பாதிக்கு வளர்ச்சிக் காரணியும் சேர்த்து,
மில்லிக்குப் பத்து நானோகிராம்,
மூன்று நாளைக்கு ஒரு தரம்
வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவதுபோல.
வந்த குப்பியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.
பத்து மைக்ரோகிராம்.
பில் முப்பதாயிரம்.
ஆயிரம் பீடிக்குக் கூலி முந்நூறு என்றால்
ஒரு லட்சம் பீடி.
இந்தக் கணக்கு என் ஆய்வேட்டில் வராது.

இருபத்தோராம் நாள் சாயமிட்டேன்.
வெறும் நீர் குடித்தவை வெளிறிக் கிடந்தன.
மற்றவை நீலம்!
ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றித்
தண்ணீரைப் பிடித்துவைக்கும் வலை ஒன்று பின்னியிருந்தது.
ஆனாலும் நான் நினைத்ததில் பாதிதான்.
ஐம்பத்தாறு வயதுச் செல்லுக்குக் காது மந்தம்.
அளவைக் கூட்டிச் சொல்லிப் பார்த்தேன்,
எலும்பின் குணம் எட்டிப் பார்த்தது.
நிறுத்திக்கொண்டேன்.

ஆறாவது வாரம் அவள் ஓ.பி.க்கு வந்தாள்.
வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்:
"எம் முட்டி ஒங்கிட்ட எப்படிம்மா இருக்கு?"
"நீலமா இருக்கு."
"ஒங்கிட்ட வேல செய்யுதுல்லா,
எங்கிட்ட மட்டும் ஏன் செய்யல?"

குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது,
மிதித்தால் பிழியும், விட்டால் உறிஞ்சும்,
அப்படித்தான் எந்தச் சேதியும் உள்ளே போகும் என்று
சொல்லத் தொடங்கினேன்.
அவள் விரல்கள் மடியில்
இலையில்லாமல் தூளில்லாமல்
தாமாகச் சுருட்டிக்கொண்டிருந்தன.
முறத்தை வைத்து மடக்கிய கால்,
முப்பத்தெட்டு வருடம்.
பாதியில் நிறுத்தினேன்.

"மிச்சம் இருக்கா?"
"கொஞ்சம் இருக்கு. உறைய வெச்சிருக்கேன்."
"இடது முட்டிக்கு ஆவுமா?"
"இன்னும் இல்ல."
"சரி, கெடக்கட்டும். நான் கூலி கேக்க மாட்டேன்"
என்று சிரித்தாள்.

வராண்டாவில் வாக்கர்
டக் டக்கென்று தேய்ந்து போனது.
இடது காலை அவள் ஊன்றும்போதெல்லாம்
நான் வாசலில் நின்று எண்ணினேன்,
பிழிகிறது,
உறிஞ்சுகிறது,
பிழிகிறது.