பதினேழு புள்ளி இரண்டு

மன்னார்குடி ஸ்கேன் சென்டரில்
குளிர்ந்த ஜெல்லைத் துடைத்தபடி கேட்டேன்.
"வால்வுல லேசா ஒரு கசிவு. இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
ஆறு மாசம் கழிச்சு வாங்க."

கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்ப்பவள் நான்.
மீட்டர் பதினேழு புள்ளி இரண்டு காட்டும்.
இன்னொரு பிடி போட்டால்
பதினாறு புள்ளி ஒன்பது.
"எதும்மா நெசம்?" என்றார் பக்கிரிசாமி.
"காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றேன்.
தார்ப்பாயை உதறிக்கொண்டு போனார்.

ராத்திரி மூன்று மணிக்கு
மதகுப் பலகையை யாரோ உருவிவிட்டதுபோல்
நெஞ்சில் ஒரு பாய்ச்சல்.
எண்ணினேன். எண்பதில் தவறவிட்டேன்.
அதற்குள் அடங்கிவிட்டது,
யாரிடமும் காட்ட ஒன்றுமில்லாமல்.

காலையில் அதே நெல்லோடு பக்கிரிசாமி.
வானம் மூட்டம்.
ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.
எண் நிற்கும்வரை
இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.