வெள்ளைச் சந்து

முப்பத்தோராம் பக்கத்தில் பையனுக்குப் பதினோரு வயது.
பெயரை மாற்றிவிட்டேன்.
காதுகளை மாற்ற மனம் வரவில்லை:
கீனோ என்று கூப்பிட்டால் திரும்பிய அதே காதுகள்,
கேப் ஃபிளாட்ஸின் தென்கிழக்குக் காற்றில் சிவந்தவை.

முதல் கட்டம். மூன்று மாடிக் குடியிருப்பு,
கொடியில் யாருடையதோ மஞ்சள் படுக்கைவிரிப்பு.
படிக்கட்டில் ஒரு ஆள். அவனுக்கு முகம் வரையவில்லை,
தங்கப் பல் போதும்.
"ஓடிப்போய் ரொட்டி வாங்கிட்டு வா, மிச்சம் உனக்கு."

இரண்டாம் கட்டத்தில் ரொட்டி.
மூன்றாவதில் ரொட்டிப் பை, கொஞ்சம் கனமாக.
நான்காவதில் பை இருக்கிறது, ரொட்டி இல்லை.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
விரற்கடை அகலம் ஒரு வெள்ளைச் சந்து விடுவோம்.
வாசிப்பவர் கண்ணாலேயே தாண்டிவிடுவார்.
எங்கள் பிழைப்பே அந்தத் தாண்டலை நம்பித்தான்.
கீனோ போனது அந்தச் சந்துக்குள்.
கையில் பையோடு நுழைந்தான்;
அந்தப் பக்கம் வெளியே வந்தவனை
அவன் வகுப்பு டீச்சருக்கே அடையாளம் தெரியவில்லை.

அக்கா செஷ்லின் மீன் ஆலையிலிருந்து நேரே வந்தாள்.
தாளில் செதில் ஒட்டுமென்று
புறங்கையால் பக்கம் புரட்டினாள்.
அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.

"ஷூ தப்பு," என்றாள்.
"நீ போட்டது அளவா இருக்கு.
அவங்க குடுத்தது எட்டாம் நம்பர், இவன் காலு நாலு.
முன்னால பேப்பர் திணிச்சுத்தான் நடப்பான்.
படியில ஏறினா டப்பு டப்புன்னு கேக்கும்,
அம்மா உள்ளேருந்தே சிரிப்பாங்க.
அன்னிக்கும் சிரிச்சாங்க."

பதினாலு பக்கங்களில் ஷூவை அழித்தேன்.
மேசையெல்லாம் ரப்பர் தூள்.
பெரிய ஷூவில் வரைந்தபோது
ஐம்பத்தெட்டாம் பக்கத்து ஓட்டமே மாறிப்போனது.
வேகக் கோடுகளை எடுத்துவிட்டேன்,
பொய்யாகத் தெரிந்தன.

கிளம்பும்போது செஷ்லின்
முப்பத்தொன்றுக்கே திரும்பி வந்தாள்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே விரல் வைத்து,
"இங்க என்ன வரும்?" என்றாள்.
ஒன்றும் வராது, என்றேன்.
"அப்ப கொஞ்சம் அகலமா விடு.
லேஸ் அவிழ்ந்துக்கிட்டே இருக்கும்.
குனிஞ்சு கட்டுவான். நேரமாகும்."

அளவுகோல் வைத்து ஓர் அங்குலம் தள்ளினேன்.
இன்னும் ஓர் அங்குலம்.
நான்காம் கட்டம்
தாளைவிட்டே வெளியே போய்விட்டது.

பதிப்பகத்துக்கு இன்னும் சொல்லவில்லை.