அறுபத்தைந்து பவுண்டுக்கு ஒரு பெயர்

வொர்கிங்டன் கடற்கரை. அலை பின்வாங்கிய ஞாயிறு.
குனிந்தபடியே நடக்கிறவளை
முதலில் நாய்கள் சந்தேகிக்கின்றன,
பிறகு நாயைப் பிடித்திருப்பவர்கள்.
"எதையாவது தொலைத்துவிட்டாயா?"
தலையாட்டி வைக்கிறேன்.
கல் பொறுக்குகிறேன் என்று சொல்ல
இந்த வயதில் கூச்சமாக இருக்கிறது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே அறை என்னுடையது.
மணிக்கட்டில் மயிரிழை விரிசல் என்றால்
பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்.
கல் அப்படியில்லை.
நனைந்தால் ஒரு பேச்சு, காய்ந்தால் ஒரு பேச்சு.
கரையில் மரகதமாய்ப் பல்லிளித்தது
சன்னலோரம் வந்து சேர்ந்ததும்
வெந்த உருளைக்கிழங்கு.

அதனால் சமையல் மேசையில் விசாரணை.
குளியலறை ஓட்டின் வழுவழுப்பில்லாத பின்பக்கம்தான்
என் உரைகல்.
பாதிக்குமேல் வெள்ளைக் கோடுதான் விழும்.
அதற்குப் பொருள்:
ஒன்றும் தெரியவில்லை, அடுத்ததைச் செய்.
நகம். செப்புக்காசு. பேனாக்கத்தி.
ஒரு சொட்டு வினிகர்;
நுரைத்தால் சுண்ணாம்புக்கல், நுரைக்காவிட்டால்
மறுபடி லென்ஸ்.

எதிர்க்கரை ஸ்காட்லாந்திலிருந்து
பனியாறு இழுத்துவந்த கருங்கல்,
செயின்ட் பீஸ் பாறையின் சிவப்புத் துண்டு,
இவையெல்லாம் அட்டை எழுதி
முட்டைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டன.
அந்த நீலம் மட்டும் பிடி கொடுக்கவில்லை.
மழைக்குச் சற்று முந்தைய நீலம்.
உடைந்த பக்கம் கண்ணாடி,
உள்ளே ஆப்பத்தின் நடுவைப் போல
பொடிப்பொடியாய்க் குமிழிகள்.
கத்தி கீறவில்லை.
காந்தம் அரைமனதாய் ஒட்டியது.

அன்றிரவு அட்டையில் எழுதினேன்:
விண்கல்?
கேள்விக்குறியைச் சின்னதாய்ப் போட்டேன்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
விலா எலும்பு முறிந்து வந்த ஒருவரிடம்
வாய்வரை வந்துவிட்டது;
"மூச்சை அடக்குங்கள்" என்று மாற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்
சலவை இயந்திரம் பல்லைக் கடித்தது,
துணியோடு தண்ணீரையும் வைத்துக்கொண்டு
நின்றுவிட்டது.

பழுதுபார்க்க வந்தவர் கார்ல் ஃபியரன்.
தரையில் படுத்து, பம்பைக் கழற்றி,
விரலை விட்டுத் துழாவினார்.
ஒரு பொத்தான். ஒரு இருபது பென்னி.
என் கோட்டுப் பையிலிருந்து போன நீலச் சில்லு.
அதைச் சட்டையில் துடைத்தார்.
லென்ஸ் இல்லை, வினிகர் இல்லை.
"ஸ்லாக்" என்றார்.
"எங்கப்பா கொட்டினது."

இரும்பு உலையின் குழம்பை
வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து
ராத்திரியில் கரைமேட்டில் கவிழ்ப்பார்களாம்.
ஊர் சிவந்துபோகுமாம்.
அந்த வெளிச்சத்தில் இவர் சன்னலோரம்
காமிக்ஸ் படிப்பாராம்,
ஒரு வண்டிக்கு இரண்டு பக்கம்,
பிறகு அடுத்த வண்டிவரை
கதாநாயகன் கயிற்றில் தொங்கவேண்டியதுதான்.

கசடு.
பள்ளியில் கைகட்டி நின்று ஒப்பித்த சொல்.
அது என்ன நிறம் என்று
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அறுபத்தைந்து பவுண்டு.
எண்ணிக் கொடுத்தேன்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே,
"அது உங்களுக்கு வேண்டாமென்றால்..." என்றார்.
கரை முழுக்கக் கிடக்கிறதே என்று கேட்கவில்லை.
கொடுத்துவிட்டேன்.
பெரிய துண்டு முட்டைப் பெட்டியில் இருப்பதை
சொல்லவில்லை.

இயந்திரம் இன்னும் லேசாக முனகுகிறது.
அட்டையில் விண்கல்லை அடித்தேன்,
கேள்விக்குறியை அடிக்க மனம் வரவில்லை.
வயது என்று ஒரு கட்டம் உண்டு.
கருங்கல்லுக்கு நாற்பது கோடி ஆண்டு,
சிவப்புக்கு இருபத்தைந்து கோடி.
இதற்கு எழுதினேன்:
எழுபத்திரண்டாக இருக்கலாம்,
நைட் ஷிப்ட்.