ஒரு துளி என்கெஃபலின்

திருநெல்வேலி. ஜெனரேட்டர் உறும
திரையில் கோடு நடுங்குகிறது.
கினிப்பன்றிக் குடலில் உரித்தெடுத்த
ஒற்றை நரம்புக்கலம்
என் கண்ணாடி ஊசிமுனையில்.
உந்தினால் கல்சியம் உள்ளே பாயும்,
கோடு கிணறாய்க் கீழிறங்கும்.

ஒரு துளி விடுகிறேன்.
அது வாய்க்காலைத் தொடவேயில்லை.
பக்கத்து வாசலில் சொல்லிவிட்டுப் போகிறது.
சேதி சவ்வின் உட்புறமாய் ஊர,
கிணறு பாதி தூர்ந்துவிட்டது.

தெல்லிப்பழையில், பதினோராம் கட்டிலில்
குகநேசன் அண்ணா
மோர்ஃபின் பாணி குடித்துவிட்டுப் படுத்திருப்பார்.
அதே வாசல். அதே சேதி.
முள்ளந்தண்டில் நோவு பேச்சடங்க
குடலும் கூடவே வாயை மூடிக்கொள்ளும்.
"நோ இல்லையடி.
ஆனா அஞ்சு நாளா வெளிக்குப் போகேல்லை.
உன்ர படிப்பு இதுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

சொல்லுதுதான் அண்ணா.
முதலில் வலுவாய் ஒருதரம் உந்தினால்
பூட்டு ஒரு கணம் கழரும்,
கல்சியம் திரும்பப் பாயும்.
இந்தா, பாயுது.
கிண்ணத்துக்குள்ள.

கழுவுகிறேன்.
கிணறு மெல்ல மெல்ல ஆழமாகிறது.
மூன்று மணிக்கு பஸ்.
பையில் இதரைப்பழம் ஆறு,
மலமிளக்கிப் போத்தல் ஒன்று,
இந்தக் கோட்டின் படம்,
அவர் கேட்டால் காட்ட.