ஆவன செய்யப்படும்

திங்கள்தோறும் பத்தரைக்குக் கூட்டம்.
பதினொன்றேகாலுக்குத் தொடங்கும்.
திருத்துறைப்பூண்டி, பாசன உபகோட்ட அலுவலகம், மாடியறை,
பதினாறு நாற்காலி போட்ட நீள மேசை.
மின்விசிறி ஒன்றுதான்,
அது அய்யாவின் தலைக்கு நேர் மேலே.

நான் குறிப்பெழுதுகிறவள்.
என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை,
அதனால் எல்லாம் காதில் விழும்.

மேசைக்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு.
போன கூட்டத்தில் பேசியதைப் பற்றி நாற்பது நிமிடம்,
மாவட்டக் கூட்டத்தில் பேசப்போவதைப் பற்றி இருபது.
மூன்றாவது நாற்காலி தாண்டுமுன்
பேச்சு வற்றிவிடும்.
பதினோராவது நாற்காலியில் ஹபீபா,
சேர்ந்து ஐந்து மாதமான உதவிப் பொறியாளர்,
நான்கு வாரமாக ஒரு தாளைக்
கொண்டுவந்து கொண்டுபோகிறாள்.
மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது தாள்.
அதில் ஒரே வரி:
மதகு எண் பதினேழு, திருகுக்கம்பி வளைந்திருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் நான் தட்டுவேன்:
ஆவன செய்யப்படும்.
'ஆ' போட்டால் போதும்,
மீதியைக் கணினியே எழுதிவிடும்.
அதற்கும் பழகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு நாள், கூட்டம் தொடங்கும்வரை
வேறு வேலையில்லாமல் எண்ணிப் பார்த்தேன்.
ஏழு மாதம், இருநூற்றுப் பதினொரு முறை.
அத்தனை பயனிலை,
எழுவாய் ஒன்றுகூட இல்லை.

அன்று முடிவில், வழக்கம்போல், வாசிக்கச் சொன்னார்கள்.
வழக்கம்போல் எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.
"மதகு பதினேழு..."
நிறுத்திவிட்டேன்.
"யார் செய்வாங்கன்னு போடட்டும் அய்யா? எந்தக் கிழமை?"

மிக்சர் தட்டில் ஒரு கை அப்படியே நின்றது.
ஞானசெல்வம் அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
எனக்கு வேதாரண்யத்துக்கு மாறுதல் என்று
முதுகு சொன்னது.

"அது என்ன பதினேழு?" என்றார் கடைசியில்.
ஹபீபா தாளை விரித்தாள். விரித்ததை வாசிக்கவில்லை.
"வீரையனுக்குத்தான் சார் தெரியும். கீழே நிற்கிறார்."

லஸ்கர் வீரையன், மதகைத் திறந்து மூடுகிறவர்,
ஏழு மாதமும் எங்கள் வண்டிகளுக்குக் காவல்.
வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.
"நிமித்துனா ஒடஞ்சிரும். மாத்தணும்.
மன்னார்குடி பட்டறையில நாலாயிரத்து இருநூறு.
வியாழன் நமக்கு முறை இல்ல, வாய்க்கா காஞ்சிருக்கும்,
அன்னக்கி விட்டா வேல பாக்க தோது கிடையாது."
சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.
யாரோ ஸ்கூட்டரை எடுக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
எழுதினேன்: ஹபீபா, வீரையன். வியாழன். ரூபாய் 4,200.
இவ்வளவு சின்ன வரியை
அந்தக் கோப்பு பார்த்ததில்லை.

கம்பி வியாழனன்று மாறவில்லை.
ஒரு கையெழுத்துக்காக ரசீது வெள்ளிவரை படுத்திருந்தது.
சனிக்கிழமை, ஓடுகிற தண்ணீரில்
இடுப்பளவு நின்று மாற்றினார்களாம்.
அடுத்த திங்களும் பதினொன்றேகாலுக்குத்தான் தொடங்கியது,
அதே நாற்பது நிமிடம்.
ஆனால் ஹபீபா நான்காவது நாற்காலியில் இருந்தாள்.
யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நானும் கணினியிலிருந்து அந்தப் பழக்கத்தை அழித்துவிட்டேன்.
இப்போது 'ஆ' தட்டினால்
கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டு நிற்கிறது.
எங்கள் ஊர்ப் பேச்சில்
அதற்கு அடுத்த எழுத்து 'ரு'.
ஆரு?