வெசனத்துக்கு எத்தனை கிலோ

பெருந்துறை ஆஸ்பத்திரியில்
மூன்று முறை ஈசிஜி எடுத்தார்கள்.
மூன்றிலும் நான் நன்றாக இருந்தேன்.
நான்காவது முறை போனபோது
வாட்ச்மேன் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி பார்க்கிறவள்,
கணக்கில் வராத எதையும் நம்பியதில்லை.
ஆனாலும் விடிகாலை மூன்றுக்கு
நெஞ்சுக்குள் தறி ஓடியது.
நூல் கோக்காத தறி.

மாத்திரைக்குக் கீழே
டாக்டர் ஹேமா ஒரு வரி எழுதியிருந்தார்:
வாரம் மூன்று நாள் மூச்சு வாங்கவும்.

சென்னிமலைப் படி.
நூற்றெண்பதாவதில் துடிப்பு காதுக்கு வந்தது.
அதே தறி, அதே வேகம்.
இதோ போகிறது உயிர் என்று
கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தேன்.
மொட்டையடித்த குழந்தையைத் தோளில் சாய்த்தபடி
ஒருத்தி என்னைத் தாண்டினாள்.
அவளுக்கும் அப்படியேதான் இரைத்தது.
அவள் சாகவில்லை.
"சித்த உக்காந்துட்டு வாங்க்கா"
நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

துடிப்பு தானாக இறங்கியது.
நான்கு நிமிடம்.
குறித்துக்கொண்டேன்.

இது பயத்துக்கு.
இன்னொன்று இருக்கிறது,
அதற்குத் துடிப்பே கிடையாது.
மழையில் நனைந்த பஞ்சுப் பொதியாட்டம்
ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே கிடக்கும்.
அதனிடம் போய் மலை, படி என்று பேச முடியாது.
பல் விளக்குவதே மலை.

பேக்கரிக்கு மேல்மாடியில் ஜிம்.
தேங்காய் பன் வாசனையில்
துருவேறிய ஐந்து கிலோவை நீட்டினான் சிக்கந்தர்.
வெசனத்துக்கு எத்தனை கிலோ
எந்தத் தராசுக்கும் தெரியாது.
இது ஐந்து.
தூக்கினாலும் ஐந்து, கீழே வைத்தாலும் ஐந்து.
கீழே வைக்கலாம்,
அதுதான் விசேஷம்.

யோகாவுக்கும் போனேன்.
கண்ணை மூடச் சொன்னார்கள்.
மூடினால் ரிட்டர்ன் கெடு தேதி தெரிந்தது.
எங்கள் ஆபீஸ் ரேணுகாதேவிக்கு
அதில்தான் தூக்கமே வருகிறது.
எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பொழுதோட
பள்ளிக்கூட மைதானத்தில் வள்ளி கும்மி பழகுகிறோம்.
அறுபது பேர், ஒரே வட்டம்.
அடி தப்பினால் வருந்த நேரமில்லை,
அடுத்த அடி வந்துவிடும்.
பஞ்சுப் பொதி எழவிடாத ஒரு வியாழக்கிழமை
பக்கத்தில் ஆடும் துளசிமணி போன் பண்ணினாள்:
"உங்க எடம்
பல்லு வுழுந்தாட்ட இருந்துச்சுங்க."
அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை.
மூன்று மணிக்கு இன்னும் முழிப்பு வருகிறது,
தறி ஓடுகிறது.
இருட்டில் படுத்தபடி
எத்தனையாவது படியில் இருக்கிறேன் என்று மட்டும்
கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று
நூறுகூட இல்லை.