டோக்கன் பதினேழு

பாளையங்கோட்டை,
டாக்டர் ஜெபசெல்வியின் பல் ஆஸ்பத்திரிச் சுவரில்
பிரெஞ்சு ஆறு ஒன்று மாட்டியிருக்கிறது.
வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு
எழுந்துபோய்ப் பார்த்தேன்.

பெயிண்டுக் கடையில் பதினோரு வருஷமாய்
கலர் கலக்கிக் கொடுக்கிறவன் நான்.
கிட்டத்தில் வெறும் தீற்றல், திட்டுத் திட்டாய்.
இந்த லட்சணத்தில் என் வீட்டுச் சுவரை அடித்திருந்தால்
கூலி கொடுத்திருக்க மாட்டேன்.

நாற்காலிக்குத் திரும்பியதும்
படகு அசைந்தது.
வைக்கோல் தொப்பிக்காரர்
துடுப்பை மறந்து கிடக்கிறார்.
குடை பிடித்தவள் யாரையும் பார்க்கவில்லை.
அவளுடைய வெள்ளைப் பாவாடையில் வெள்ளையே இல்லை:
மஞ்சள், ரோஸ், கொஞ்சம் பச்சை.
நிழலுக்கு ஊதா.
கறுப்பு டின்னைத் திறக்காமலே
ஒரு மத்தியானத்தை முடித்திருக்கிறான், பாவி.

டோக்கன் பதினேழு, என்றார்கள்.

பல் போயிற்று. வாயில் பஞ்சு.
சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது,
முன்னால் ஏதோ லாரி.
பாதி ஏற்றிய ஷட்டர் வழியே கீழே
ஞாயிற்றுக்கிழமை:
பாறையில் காயும் ஜட்டிகள்,
பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும் குடும்பம்,
கழுத்தளவுத் தண்ணீரில் நின்று
போனில் யாரையோ ஏசும் ஒருத்தர்,
ஷாம்பு நுரை, அமலைச்செடி.
பாலத்து வளைவுக்கு அடியில்
நிழல்
ஊதாதான்.

இத்தனை நாளாய் அதைச் சாம்பல் என்று
நானாகவே கலக்கி வைத்திருந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லப் பார்த்தேன்.
மரத்த உதடு “ஊவா” என்றது.
வாந்தியாக்கும் என்று பதறி
எட்டி ஷட்டரை முழுசாய்த் தூக்கிவிட்டார்.

இன்னும் கொஞ்சம் ஆறு.